எழுபது வளைவும் ஆடிக் காற்றும்

22 ஜூலை 2025, செவ்வாய்: காரவள்ளி, சோளக்காடு, செம்மேடு

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் காலை ஐந்தரைக்கே டீக்கடை திறந்திருந்தது. கடைக்காரர் எங்கள் மூன்று சைக்கிளையும் பார்த்துவிட்டு, "மேலயாங்க?" என்றார். ஆமாம் என்றோம். "வெறும் வயித்துல ஏறாதீங்க தம்பி, நாப்பதாவது வளைவுல கண்ணு இருட்டும்" என்று சீப்பிலிருந்து ஆளுக்கு இரண்டு பழத்தைப் பிய்த்துக் கொடுத்தார். டீ 12 ரூபாய். பழத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலங்கள் மட்டும்தான். சைக்கிளில் மலையேறுவதை நான் பார்த்ததெல்லாம் ஜூலை மாத ராத்திரிகளில், டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தய நேரலையில். அந்தப் பித்தில் கிடைத்த சிநேகிதர்கள் இருவர். ஒருவர் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் திருப்பூர் அண்ணன், இன்னொருவன் கோவையில் என்ஜினியரிங் படிக்கும் தம்பி. மூன்று பேருக்கும் பல வருடமாகத் தீராத ஒரு வழக்கு உண்டு. மலை ஸ்டேஜ், அதாவது பந்தயத்தில் மலையேறும் ஒரு நாள் ஓட்டம், எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி, தம்பியும் அதே கட்சி. ஸ்பெயினில் அங்லிரு என்று ஒரு ஏற்றம் இருக்கிறது. 12.5 கிலோமீட்டர், சராசரியே 10 சதவீதத்தை ஒட்டி வரும். அதாவது நூறு மீட்டர் முன்னால் போனால் பத்து மீட்டர் மேலே போக வேண்டும். அதில் குவேஞ்ஞா லெஸ் காப்ரெஸ் என்ற இடத்தில் சரிவு 23.5 சதவீதம். 1999இல் முதன்முதலாக ஸ்பெயினின் வுவெல்டா பந்தயம் அங்கே ஏறியது. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நான் இந்த விளையாட்டுக்குள் விழுந்தேன்.

அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். "செங்குத்து கூடுனா எல்லாருமே நடக்கற வேகத்துல போவாங்க, அதுல பந்தயம் எங்கைங்க இருக்குது?" என்பார். போனில் பேசிப் பேசி அலுத்துப்போய், ஏறிப் பார்த்தால்தான் தீரும், வாங்க என்று அவர்தான் கூப்பிட்டார். டூரின் கடைசி மலை வாரத்தையே பிடித்தோம். பகலில் நாங்கள் ஓட்டுவது, ராத்திரி அவர்கள் ஓட்டுவதைப் பார்ப்பது. பிரான்ஸில் சாயங்காலம் ஐந்தரைக்கு முடியும் ஸ்டேஜ் நமக்கு ராத்திரி ஒன்பது மணி.

கொல்லிமலைப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் 1/70, 2/70 என்று பலகை இருக்கிறது. பிரான்ஸின் ஆல்ப் துவேஸில் 21 வளைவுகள், எண் மேலிருந்து கீழே ஓடும். அடிவாரத்தில் 21, உச்சியில் 1. மிச்சம் எத்தனை என்று அங்கே தானாகவே தெரிந்துவிடும். இங்கே கழித்துப் பார்க்க வேண்டும். முப்பதைத் தாண்டியபின் அந்தக் கழித்தல் கணக்குகூட எனக்கு வரவில்லை.

முதல் இருபது வளைவில் ஒன்று கற்றுக்கொண்டேன். வளைவின் உள்பக்கத்தை ஒட்டித் திரும்பினால் சுவரில் ஏறுவது போலிருக்கிறது, வெளிப்பக்கமாகச் சுற்றிப் போனால் மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. ஏற வேண்டிய உயரம் ஒன்றுதான், உள்பக்கம் தூரம் குறைச்சல், அதனால் சரிவு கூடிவிடுகிறது. பன்னிரண்டாவது வளைவில் என் முன்சக்கரம் உள்விளிம்பில் மெல்லத் தூக்கியது. இரண்டு விரல் உயரம் இருக்கும். சக்கரம் தரையைத் தேடித் தொடும்வரை வயிற்றுக்குள் சில்லென்று இருந்தது. அதற்கப்புறம் மேலிருந்து ஹார்ன் சத்தம் கேட்காத வளைவுகளில் எல்லாம் வெளிப்பக்கம்தான்.

தம்பிக்கு ஏமாற்றம். அவன் மீட்டரில் சராசரி 5 சதவீதத்தைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. "எழுபது வளைவுக்கு இவ்வளவுதானாங்ணா?" என்றான். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே, "எழுபது வளைவு போட்டதுனாலதான் அஞ்சு. வளைவில்லாம நேரா ரோடு போட்டிருந்தா நீ சைக்கிளத் தோள்ல தூக்கிட்டுத்தான் வந்திருக்கோணும்" என்றார். எனக்கு அங்கேதான் உறைத்தது. வளைவு கூடினால் பாதை கடினம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ரோடு போட்டவர்கள் ஏறுகிறவர்களுக்காக மலையைச் சுற்றிச் சுற்றி நீட்டி, சரிவைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்லிருவின் கொடூரமான இடம் ஏறக்குறைய நேர்கோடாகத்தான் போகும்.

ஐம்பதுக்கு மேல் பனி இறங்கிவிட்டது. ஓரிடத்தில் ஓர் அம்மா பலாப்பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து சுளை 20 ரூபாய். நாங்கள் தின்று முடித்ததும் கையில் பால் ஒட்டியிருப்பதைப் பார்த்து, கேட்காமலே தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை நீட்டினார். "ஹேண்டில் வழுக்குங்க, தொடச்சுட்டுப் பிடிங்க" என்று ஒரு பழைய துணியும் கொடுத்தார்.

சோளக்காடு சேர இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசிப் பத்து வளைவு சரிவால் கடினமாக இல்லை. கீழே முப்பதாவது வளைவில் இருந்த அதே சரிவுதான். காலில்தான் ஒன்றும் மிச்சமில்லை.

சந்தையில் மிளகு, காப்பிக்கொட்டை, அன்னாசி, மலைவாழை எல்லாம் குவிந்திருந்தன. முடவாட்டுக்கிழங்கு சூப் குடித்தோம், கப் 30 ரூபாய். கிழங்கு பார்ப்பதற்கு ரோமம் போர்த்திய ஆட்டுக்கால் போலவே இருக்கிறது. மிளகுக் காரம் நெஞ்சுக்குள் இறங்கிக் காது வரை சூடு பரவியது. ஆளுக்கு இரண்டு கப்.

ராத்திரி செம்மேட்டில் தங்கினோம், அறை 900 ரூபாய். எட்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது, அறைக்குள் சிக்னலும் இல்லை. மொட்டை மாடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரே போனில் மூன்று பேரும் மோன் வாந்தூ ஸ்டேஜைப் பார்த்தோம். வாந்தூ 1,909 மீட்டர். கீழே காடு, மேலே மரமே இல்லாத வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அடங்காத காற்று. 1967 ஜூலை 13 அன்று டாம் சிம்சன் என்ற வீரர் டூரில் உச்சிக்குச் சற்று முன்னால் விழுந்து உயிரை விட்ட மலை. அங்கே அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கேமரா அதைக் கடக்கும்போது மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம், இன்றும் அப்படித்தான்.

பாரே-பேந்த்ர் என்ற பிரான்ஸ்காரர் அயர்லாந்தின் பென் ஹீலியை உச்சியில் கடைசி மீட்டர்களில் முந்தி வென்றார். 2002இல் விராங்க் வென்றபிறகு வாந்தூ உச்சியில் ஒரு பிரான்ஸ்காரர் வெல்வது இதுதான். ஆனால் நான் விட்டுவிட்டு ரீவைண்ட் செய்து பார்த்தது வேறொன்றை. பின்தங்கிப் போயிருந்த அவருடைய அணித் தோழர் வான் வில்டர், உச்சி நெருங்கும் நேரத்தில் எப்படியோ மேலே வந்து சேர்ந்து, முன்னால் போய், தோழருக்கு மறைப்பாக எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொண்டார். "பார்த்தீங்களா, தோழன் முன்னால போறதுக்கு அங்க அர்த்தம் இருக்குது. அங்லிருவுல அதுக்கு வழியே இல்லை" என்றார் அண்ணன். தம்பி எதிர்வாதம் பண்ண வாயெடுத்தான், போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

23 ஜூலை, புதன்: நாமக்கல், திருச்செங்கோடு, பள்ளிபாளையம்

இறக்கத்தில் கை வலித்தது. எழுபது வளைவுக்கும் பிரேக் பிடித்து விரல்கள் மடங்கிப்போய், காரவள்ளியில் டீ கிளாசைப் பிடிக்க முடியவில்லை. என் சைக்கிளின் பின் கேரியரைத் தாங்கும் கம்பி ஒன்று குலுங்கிக் குலுங்கிச் சேந்தமங்கலம் தாண்டியதும் முறிந்தது. பையைக் கயிற்றால் கட்டி நாமக்கல் வரை தள்ளாடிக்கொண்டே வந்தேன்.

நாமக்கல்லில் இரும்பு வேலைக்கா பஞ்சம்? லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் நிறுத்தினோம். பதினாறு சக்கர லாரியின் சேஸிஸ் மேல் நின்றிருந்த பெரியவர் இறங்கி வந்து கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். ரம்பத்தால் முறிந்த முனையைச் சமமாக்கி, உள்ளே ஒரு சின்ன ஆணியை நுழைத்து, பையனிடம் பிடிக்கச் சொல்லி வெல்டிங் வைத்தார். மூன்று பொட்டு, அவ்வளவுதான். நீலம் அடங்கிச் சிவந்து கறுக்கும் வரை தண்ணீர் ஊற்ற விடவில்லை. "அவசரப்பட்டா மறுபடி அதே எடத்துல விட்டுரும்" என்றார்.

அந்தப் பையன் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் மூவருக்கும் ஒரே ஞாபகம். 1913 டூரில் ஓழேன் கிறிஸ்தோஃப் என்பவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க், பிரனே மலைகளில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது உடைந்துவிட்டது. அடுத்தவர் உதவி கூடாது என்பது அந்நாள் விதி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, செந்த்-மரி-த-காம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே பற்றவைத்தார். துருத்தி ஊத மட்டும் ஒரு சிறுவனை வைத்துக்கொண்டார். அதற்கும் சேர்த்து அபராதம் போட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பையன் துருத்தி ஊதுனதுக்கா? அவங்கல்லாம் மனுசங்களா?" என்று நிஜமாகவே கோபப்பட்டார். எவ்வளவு என்று கேட்டதற்கு, "இதுக்குப் போயி காசு வாங்குனா வெளங்குமா, போயிட்டு வாங்க" என்று சேஸிஸ் மேல் ஏறிவிட்டார். பையனுக்கு 50 ரூபாய் கொடுத்தோம், அவரைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான்.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு மேற்குத் திசை. ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து நேராக முகத்தில் அறைகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றன. தட்டையான ரோட்டில் மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் போக முடியவில்லை. நேற்று மலையில் கூட இவ்வளவு மனம் விட்டுப்போகவில்லை.

அண்ணன்தான் வழி சொன்னார். ஒருவர் பின்னால் ஒருவர், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம் இடைவெளி. முன்னால் இருப்பவர் இரண்டு நிமிடம் காற்றை வாங்க வேண்டும், பிறகு ஒதுங்கிக் கடைசிக்கு வர வேண்டும். பின்னால் ஒட்டிக்கொண்டு போகும்போது காதில் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது, தொடை தளர்கிறது, கையிலிருக்கும் வியர்வை காய்வதுகூடத் தெரிகிறது. நம் முறை வந்து முன்னால் போனதும் யாரோ மார்பில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கிறது. வேகம் 14லிருந்து 21க்கு வந்துவிட்டது. தம்பி ஒரு முறை தன் பங்கு முடிந்தும் ஒதுங்காமல் கூடுதலாக இழுத்தான், என் கால் பிடித்துக்கொண்டதைக் கவனித்துவிட்டிருக்கிறான். ஒன்றும் சொல்லவில்லை.

திருச்செங்கோட்டு மலை தெரிந்ததும் இளநீருக்கு நிறுத்தினோம், 40 ரூபாய். அண்ணன் பழைய பேச்சை எடுத்தார். "இப்ப நீங்க எம்பின்னால ஒளிஞ்சீங்க, அவன் உங்களுக்காக இழுத்தான். யாரு எப்ப இழுக்கறது, யாரு ஏமாத்தறதுன்னு நாலு மணி நேரம் நடக்கற நாடகம்ங்க இது. 20 சதவீதச் சரிவுல மணிக்கு எட்டு கிலோமீட்டர்ல காத்தே கிடையாது. ஒளிஞ்சுக்கவும் முடியாது, ஒளிய எடங் குடுக்கவும் முடியாது. அவங்கவங்க எடைக்கு அவங்கவங்க கால்ல எவ்வளவு சக்தியோ அதுதான் முடிவு. அதை ஆஸ்பத்திரியில மிசின்லயே அளந்து சொல்லிப்புடலாமே."

நான் இளநீர் வழுக்கையை வழித்துக்கொண்டே யோசித்தேன். ஐந்து வருடமாக இதே வாதத்தைப் போனில் கேட்டிருக்கிறேன். காற்று காதில் நின்றதை அனுபவித்தபிறகு கேட்பது வேறாக இருந்தது.

பள்ளிபாளையத்தில் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிடாமல் ஆற்றைக் கடக்கக் கூடாது என்று தம்பி பிடிவாதம். மசாலாத்தூள் எதுவும் கிடையாது. விதை எடுத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், நல்லெண்ணெய், அவ்வளவுதான். 180 ரூபாய். பரிமாறியவர் தம்பி தட்டைப் பார்த்து, "கொழந்தைக்கு இன்னொரு கரண்டி சோறு வைங்க" என்றார், தம்பி ஆறடி. காவிரி பாலத்துக்கு அடியில் அகலமாக, செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊருக்குத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பாலத்தில் நின்றேன். அன்று டூரிலும் சமவெளி ஸ்டேஜ், வலான்ஸ் ஊரில் மிலான் என்ற இத்தாலிக்காரர் வென்றார் என்பதைக் காலையில்தான் படித்தோம். ஈரோட்டில் எட்டரைக்கே தூங்கிவிட்டோம்.

24 ஜூலை, வியாழன்: பவானி, கோபி, சத்தியமங்கலம்

ஆடி அமாவாசை. தேதி பார்த்துக் கிளம்பவில்லை, அதன் பலன் பவானியில் தெரிந்தது. கூடுதுறைக்குப் போகும் வழியெல்லாம் கூட்டம், வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். காவிரியும் பவானியும், கண்ணுக்குத் தெரியாத அமுதநதியும் கூடும் இடம் என்பது ஐதீகம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். ஈர வேட்டியோடு வந்த ஒருவர், "மூணு பேருமே போயிட்டு வாங்க, நான் இங்கதான் தலை துவட்டிட்டு இருப்பேன்" என்று சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். போய் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மனுசர் துவட்டி முடித்து, சட்டை போட்டு, நெற்றிக்கு இட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தார். என் அப்பா போய் மூன்று வருடம். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

கோபி வரை வாய்க்கால், வயல், தென்னை. எனக்கு ஊருக்குத் திரும்பிவிட்டது போலிருந்தது. வரப்புக்கு அப்பால் மட்டும் மலை நீலமாக நிற்கிறது, எங்கள் ஊரில் அந்த இடத்தில் வானம் இருக்கும். கொடிவேரியில் வறுத்த மீன் தின்னத் தம்பி ஆசைப்பட்டான். அமாவாசை என்று அண்ணன் வண்டியையே நிறுத்தவில்லை.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் அண்ணனுடைய அம்மாயியின் (அம்மாவைப் பெற்றவர்) தோட்டத்து வீடு. எண்பதைத் தொட்ட வயது, தனியாக இருக்கிறார், துணைக்கு ஒரு பண்ணையாள் குடும்பமும் நான்கு மாடுகளும். "வா சாமி, வெயில்ல கருத்துப் போயிட்டியே" என்று என்னைத்தான் முதலில் கையைப் பிடித்தார், அண்ணனை அப்புறம்தான். விரதச் சாப்பாடு. அரிசிம்பருப்பு சாதத்தில் குழி பண்ணி நெய் ஊற்றினார், தட்டில் கத்தரிக்காய்ப் பொரியல், வடை, தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை. நான் நான்கு முறை வாங்கினேன். ஐந்தாம் முறை அவரே வைத்துவிட்டார்.

ராத்திரி திண்ணையில் கோல் த லா லோஸ் ஸ்டேஜ். இந்த டூரின் மிகக் கடுமையான நாள் இதுதான். 171.5 கிலோமீட்டர், கிளாந்தோன், மட்லேன் என்ற இரண்டு கணவாய்கள், கடைசியில் 2,304 மீட்டர் உயர லோஸ். மொத்த ஏற்றம் 5,450 மீட்டர். எங்கள் கொல்லிமலை மாதிரி ஐந்தரை மலையை ஒரே நாளில் ஏறுவதற்குச் சமம்.

லோஸ் எங்கள் வழக்கில் முக்கியமான சாட்சி. 2023இல் மெரிபெல் பக்கமாக ஏறினார்கள். அந்தப் பக்கம் உச்சிக்கு அருகே 20 சதவீதத்தைத் தாண்டும் துண்டுகள் உண்டு. அன்றுதான் முன்னணி வீரர் பொகாச்சர் ரேடியோவில் "நான் முடிந்தேன், செத்தேன்" என்று சொல்லிப் பின்தங்கினார், தன் பெரும் போட்டியாளர் விங்கேகோவிடம் ஒரே நாளில் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் இழந்தார். செங்குத்தின் பெருமைக்கு நான் எப்போதும் அந்த நாளைத்தான் எடுத்துக் காட்டுவேன். இன்று தம்பி அந்தப் பழைய வீடியோவைத் தேடி வைத்திருந்தான். மூன்று பேரும் மறுபடி பார்த்தோம். அவர் உடைந்தது அந்தக் கடைசிச் செங்குத்துக்குக் கீழேயே, சாதாரணச் சரிவு உள்ள இடத்தில். இரண்டு வருடமாக நான் தவறாகவே ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன். ஏறி ஏறிக் காலில் ஒன்றும் மிச்சமில்லாமல் போன இடம் அது. அறுபதாவது வளைவில் நான் இருந்த நிலை என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் இந்த முறை அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இன்று ஏறியது கூர்ஷெவெல் பக்கம். 26.4 கிலோமீட்டர், சராசரி 6.5 சதவீதம். மட்லேனிலேயே விங்கேகோ தாக்கினார், பொகாச்சர் மட்டும் கூடவே ஒட்டினார். அப்புறம் நடந்ததுதான் விசேஷம். இரண்டு மலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கில், காற்று வீசும் தட்டையான ரோட்டில், யார் முன்னால் இழுப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேகத்தை விட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆஸ்திரேலியாவின் பென் ஓகானர் நழுவினார். லோஸில் தனியாக ஏறி வென்றார். நேற்று திருச்செங்கோட்டு ரோட்டில் நாங்கள் செய்ததை அவர்கள் செய்ய மறுத்தார்கள், அதற்கு விலை கொடுத்தார்கள்.

"தம்பி, நான் கட்சி மாறிட்டேன்" என்றேன்.

தம்பி விடவில்லை. "அங்லிருவுல 2008லயும் 2017லயும் ஸ்பெயின்காரர் கொந்தாதோர் ஜெயிச்சது நாடகமில்லீங்களா? 2017ல அதுதான் அவரோட கடைசி மலை, அடுத்த நாள் ரிட்டயர். அந்த ஊரே ரோட்டுக்கு வந்து அழுதுச்சு" என்றான். அதுவும் உண்மைதான். அதைப் பார்த்து நானும் அழுதவன்தான். அந்த மலையை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் அமைப்பாளர்கள் வருடா வருடம் இன்னும் செங்குத்தான ஆட்டுப்பாதை எங்கே என்று தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்பது இப்போது என் அபிப்பிராயம். நீளமான மலை போதும், முன்னால் ஒரு பள்ளத்தாக்கு இருந்தால் இன்னும் நல்லது.

25 ஜூலை, வெள்ளி: பண்ணாரி, திம்பம்

ஆடி வெள்ளி. பண்ணாரி அம்மன் கோவிலில் நிற்க இடமில்லை. தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்றுவிட்டு, 27 கொண்டை ஊசி வளைவு உள்ள திம்பம் பாதைக்குக் கிளம்பினோம். சோதனைச்சாவடியில் நிறுத்திவிட்டார்கள். புலிகள் காப்பகம், ராத்திரி வண்டி விடமாட்டார்கள் என்பது தெரியும், இது காலை எட்டு மணி. காவலர் மரியாதையாகத்தான் சொன்னார். "ஆறாவது வளைவுல குட்டியோட ஆனை நிக்குதுங்க. கார்க்காரன் கண்ணாடிய ஏத்திட்டுப் போயிருவான். நீங்க சைக்கிள்ல என்ன பண்ணுவீங்க?" பதில் இல்லை.

தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த சின்ன சரக்கு வண்டிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "பின்னால ஏத்துங்க, ஆளுக்கு நூறு குடுங்க போதும்" என்றார். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் வளைவுக்கு இருபது அடி முன்னாலேயே கியரை இறக்கிவிடுவதைக் கவனித்தேன். "வளைவுக்குள்ள போயிக் கியரத் தேடுனா வண்டி நின்னுரும். நின்னா இந்தச் சரிவுல மறுபடி எடுக்கறது பெரிய பாடு" என்றார்.  கொல்லிமலையில் பாதி வளைவுகளில் நான் செய்த தப்பு அதுதான். 2002 வுவெல்டாவில் மழையில் அங்லிரு ஏறியபோதும் இதே கதைதான், அணிகளின் கார்களே சரிவில் நின்றுபோயின. பின்னால் வந்த வீரர்களுக்கு வழியில்லை, பஞ்சர் ஆனவர்களுக்கு மாற்றுச் சக்கரம் கொண்டுபோக முடியவில்லை. அன்று பலமுறை விழுந்த டேவிட் மில்லர் என்ற வீரர், முடிவுக் கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால் நின்று, முதுகில் இருந்த எண்ணைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விலகினார். வண்டிக்காரரிடம் இதைச் சொன்னேன். "கார் ஏறாத எடத்துல மனுசன எதுக்குங்க விடறாங்க?" என்று கேட்டார்.

யானையைப் பார்க்கவில்லை, சாணத்தை மட்டும் பார்த்தோம், ஆவி பறந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாவது வளைவில் ஒரு நீளமான லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம். எங்கள் வண்டிக்காரரும் இன்னும் நான்கு பேரும் இறங்கிப்போய், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒடிச்சு விடு, போதும், இன்னும் ஒரு சாண் என்று கையால் தட்டித் தட்டி அங்குலம் அங்குலமாகத் திருப்பினார்கள். லாரி ஓட்டுநர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. யாரும் அவரைத் திட்டவில்லை. வண்டி நேரானதும் அவர் இறங்கி ஐந்து பேர் கையையும் பிடித்துக் கும்பிட்டார். காத்திருந்த காரில் இருந்த ஒரு குடும்பம் பண்ணாரியில் வாங்கிய தேங்காய் பழத்தை எல்லோருக்கும் பங்கு வைத்தது. திம்பத்தில் டீ, குளிர், பத்து நிமிடம். பிறகு கீழே இறங்கும் வேறொரு வண்டி, தக்காளிப் பெட்டிகளின் மேல் எங்கள் சைக்கிள்கள்.

ராத்திரி மறுபடி அம்மாயி வீட்டுத் திண்ணை. இன்று லா பிளான் உச்சியில் முடிகிற ஸ்டேஜ். இந்த டூரின் கடைசிப் பெரிய மலை, 19 கிலோமீட்டர். கதவோரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாயி, தம்பி புலம்புவதைக் கேட்டு என்ன என்றார். வழியில் ஒரு மலையை எடுத்துவிட்டார்கள், ஸ்டேஜில் சுமார் 35 கிலோமீட்டர் குறைந்துவிட்டது என்று தம்பி சொன்னான். ஏன் என்று கேட்டார்.

கோல் தே செசி என்ற கணவாய்ப் பக்கத்தில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்துவிட்டது, அதனால் பந்தயத்தை அந்தப் பக்கம் விடவில்லை என்று அண்ணன் விளக்கினார். வெற்றிலை மடித்த கை நின்றது.

"மேலெல்லாம் கட்டி கட்டியா வருமே, அந்த அம்மையா? நம்ம செவலைக்கு வந்துச்சே சாமி. வேப்பலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசி இருபது நாளு பக்கத்துலயே கெடந்தேன். அங்க என்ன பண்ணுனாங்களாம்?"

அண்ணன் சொல்லத் தயங்கினார். நான்தான் சொன்னேன். பரவக் கூடாது என்று அந்த மந்தையையே கொன்றுவிட்டார்கள், அந்தக் குடும்பங்கள் துக்கத்தில் இருக்கும்போது அவர்கள் வாசல் வழியாகப் பந்தயம் போக வேண்டாம் என்றுதான் பாதையை மாற்றினார்கள்.

அம்மாயி ஒன்றும் பேசவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கட்டுத்தறிப் பக்கம் போனார். மாட்டின் மணிச் சத்தமும் அவர் ஏதோ பேசுவதும் கேட்டது. இங்கே போனில் மூன்று கிலோமீட்டர் மிச்சம். ஹாலந்தின் அரென்ஸ்மன் தனியாக முன்னால், பின்னால் விங்கேகோவும் பொகாச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு. கடைசி நூறு மீட்டருக்கு நாங்கள் மூன்று பேரும் எழுந்தே நின்றுவிட்டோம். இரண்டு செகண்டில் அரென்ஸ்மன் வென்றார்.

அம்மாயி திரும்பி வந்து டார்ச்சை அணைத்தார். "யாரு ஜெயிச்சாங்க?" என்றார். சொன்னோம். தலையாட்டிக்கொண்டார்.

"அந்த மாட்டுக்காரங்களுக்கு வேற கன்னுக்குட்டி ஏதாச்சும் வாங்கிக் குடுப்பாங்களா?"

அண்ணன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.